கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்
"கேமிங்குக்கு 16 கோர் பிராசசர்தான் வேண்டும், 8 கோர் பத்தாது" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு (கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி), இதை நம்பி யாராவது பணத்தைக் கொட்டிவிடுவார்கள். 2023இல் வந்த ஏஎம்டி-யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரில் 8 கோர்தான், ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 96 எம்பி. 16 கோர் உள்ள ரைசன் 9 7950எக்ஸில் 64 எம்பி, அதுவும் இரண்டு சிப்லெட்டுகளில் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனிச் சிறு சிப்களில்) பாதிப் பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. பெரும்பாலான கேம்களில் முந்துவது அந்த 8 கோர்தான், ஏனென்றால் கேமின் முக்கிய வேலை சில த்ரெட்களிலேயே (இணையாக ஓடும் வேலைத் தொடர்களிலேயே) ஓடுகிறது, தேவையான டேட்டா கேஷிலேயே கிடைத்துவிட்டால் ராம் மெமரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோ ரெண்டரிங் என்றால் சரி, 16 கோர் நிச்சயம் உதவும். அப்புறம், 4கே ரெசல்யூஷனில் விளையாடுபவர்களுக்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் தடை, மிச்சமாகும் பணத்தை அதில் போடுங்கள்.