கல்லுக்கு கார்டு, மனசுக்கு கைக்காசு

மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் ஆச்சு. லேப்ராஸ்கோப்பிதான், மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்சூரன்ஸ் கவுன்டர்ல என்ஹெச்ஐஎஸ் கார்டு (தமிழ்நாடு அரசு ஊழியருக்கான மருத்துவக் காப்பீடு), ஆதார், சம்பள சிலிப் மூணையும் நீட்டுனேன், சாயங்காலத்துக்குள்ள அப்ரூவல் வந்துருச்சு. எடுத்த கல்லை சின்ன டப்பாவுல போட்டு கையில குடுத்தாங்க, ஏழு கல்லு, ஒவ்வொண்ணும் மிளகு சைஸ்ல. ஆபீஸ்ல இருந்து பாக்க வந்தவங்க எல்லாம் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமா வந்து அந்த டப்பாவ வாங்கி ஒரு தடவ குலுக்கிப் பாத்துட்டுதான் போனாங்க. எங்க தாசில்தார் "என்னப்பா, பர்மிட் இல்லாம ஜல்லி வச்சிருந்தியா"ன்னு கேட்டு அவரே சிரிச்சாரு.

போன வருஷம் வந்தது வேற. அதுக்கு டப்பாவும் இல்ல, சாத்துக்குடியும் இல்ல, ஏன்னா நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல.

தூக்கம் போச்சு முதல்ல. ராத்திரி ரெண்டரை மூணுக்கு முழிப்பு வந்தா அதோட சரி, விடியற வரைக்கும் ஃபேனையே பாத்துக்கிட்டு கிடப்பேன். ஆபீஸ்ல பட்டா மாறுதல் ஃபைல எடுத்து வச்சா சர்வே நம்பர படிக்கறேன், அடுத்த வரி போறதுக்குள்ள மறந்துடுது, திரும்ப படிக்கறேன், இப்படி ஒரே நம்பர எட்டு தடவ படிச்சிருக்கேன். ஒரு நாள் பைக் ஸ்டாண்ட்ல ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள அழுதுட்டு இருந்தேன், ஹெல்மெட் இருந்ததால யாருக்கும் தெரியல. என் வீட்டுக்காரிதான் பேச்சே கேக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. டிப்ரஷன்னாரு. மாத்திரை, கூடவே கவுன்சிலிங், குறைஞ்சது ஒரு வருஷமாவது தொடர்ந்து எடுக்கணும், நல்லாருக்குன்னு நீங்களா நிறுத்தக்கூடாதுன்னாரு.

பழக்க தோஷத்துல அந்த ஆஸ்பத்திரி கவுன்டர்லயும் கார்ட நீட்டுனேன். அங்க இருந்த பொண்ணு பாவம், நல்லாத்தான் பேசுச்சு. "ஓபிக்கு வராது சார், அட்மிஷன் போட்டாங்கன்னா அப்ரூவலுக்கு அனுப்பிப் பாக்கலாம்"ன்னுச்சு. ஓபின்னா அட்மிட் ஆகாம வந்து பாத்துட்டுப் போற வைத்தியம். டாக்டர்கிட்ட வந்து சொன்னா அவரு சிரிக்கறாரு, "உங்கள அட்மிஷன் வரைக்கும் போகவிடாம பாத்துக்கறதுதான் சார் நான் குடுக்கற வைத்தியமே"ன்னாரு.

கணக்கு சொல்றேன். டாக்டர் ஃபீஸ் 700, மாத்திரை 900 சுமாரா, கவுன்சிலிங் ஒரு தடவைக்கு 1,200, மாசம் ரெண்டு தடவ. ஆகமொத்தம் 4,000. களஞ்சியம் ஆப்ல சம்பள சிலிப்ப திறந்து பாத்தா வரவுல மருத்துவப்படி 300 ரூபா, பிடித்தத்துல என்ஹெச்ஐஎஸ் 300 ரூபா, அந்தக் கையில குடுத்து இந்தக் கையில வாங்கிக்கறாங்க. 2021 திட்டத்துல 4 வருஷத்துக்கு 5 லட்சம், சில பெரிய வியாதிக்கு 10 லட்சம் வரைக்கும்னு ஜீவோவுல, அதாவது அரசாணையில, இருக்கு. அவ்வளவு பெரிய தொகையில இருந்து என் 900 ரூபா மாத்திரைக்கு ஒரு பைசா எடுக்க வழியில்ல.

சட்டம் இல்லையான்னா இருக்கு, நல்ல சட்டமாவே இருக்கு. 2017 மனநல பராமரிப்புச் சட்டம், 2018ல அமலுக்கு வந்துச்சு. அதுல 21வது பிரிவுல, உடம்பு நோய்க்கு எந்த அடிப்படையில மருத்துவக் காப்பீடு இருக்கோ அதே அடிப்படையில மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் குடுக்கணும்னு போட்டிருக்கு. 2018 ஆகஸ்ட்ல காப்பீட்டுக் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐயும் சுற்றறிக்கை விட்டுச்சு. அப்படியும் கம்பெனிங்க இழுத்தடிச்சாங்க, 35 லட்சத்துக்கு பாலிசி போட்டவருக்கு மனநோய்னா மட்டும் 50,000 தான்னு சொல்லி கேஸ் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போச்சு.

ஆனா என் ஆதங்கம் இதுல இல்ல. "அதே அடிப்படை"ன்னு சொல்றாங்கல்ல, அந்த அடிப்படையே கட்டில்தான். கட்டில்ல படுத்தா காசு, படுக்கலன்னா இல்ல. கல்லடைப்பு, எலும்பு முறிவு, ஹார்ட் பைபாஸ் எல்லாம் கட்டில் வியாதி, ஒருக்கா படுத்து எந்திரிச்சா பெரும்பகுதி முடிஞ்சது. மனசு வியாதியில பெரும்பாலானவங்களுக்கு கட்டிலே தேவப்படாது, மாசாமாசம் நடந்து போய் நடந்து வர்ற வைத்தியம், வருஷக்கணக்குல. ரெண்டுக்கும் ஒரே ரூல வச்சுட்டு சமம்னு சொல்றது, மீனுக்கும் குருவிக்கும் ஒரே கூண்ட குடுத்துட்டு நான் பாரபட்சம் பாக்கலன்னு சொல்ற மாதிரி இருக்கு.

இத ஒரு நண்பர்கிட்ட பேசுனப்ப, "அண்ணே, சுகருக்கும் பிபிக்கும் கூடத்தான் ஓபி கிடையாது, அவங்க கேக்கறாங்களா"ன்னாரு. நியாயமான கேள்விதான், ரெண்டு நாள் யோசிச்சேன். சுகர கவனிக்காம விட்டு கிட்னி போச்சுன்னா, காலை எடுக்கற நிலைமை வந்துச்சுன்னா, அந்தக் கடைசி ஸ்டேஜுக்காவது கார்டு கை குடுக்கும். மனசு வியாதிய கவனிக்காம விட்டா கடைசி ஸ்டேஜ்ல கார்டு காட்டறதுக்கு ஆளே இருக்கமாட்டான், நாம குடும்ப பாதுகாப்பு நிதிக்கு (வேலையில இருக்கறப்பவே இறந்துட்டவங்க குடும்பத்துக்கு குடுக்கறது) பேப்பர் ரெடி பண்ணிட்டு இருப்போம். அப்படி ஒரு பேப்பர என் கையாலயே டைப் பண்ணிருக்கேன், விவரம் வேண்டாம். இன்னொண்ணு, சுகர் பிபி மாத்திரைய 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டு வாசல்லயே குடுக்கறாங்க. அந்த வியாதிக்காரங்களுக்கும் ஓபி வரட்டும், தாராளமா, நான் வேண்டாம்னா சொல்றேன்?

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஃப்ரீயா பாக்கறாங்களே"ன்னும் கேப்பீங்க. பாக்கறாங்க, மாவட்ட மனநலத் திட்டத்துல நல்ல டாக்டருங்க இருக்காங்க, ஏத்துக்கறேன். ஆனா எங்க ஊர் ஜிஹெச்ல அந்த ஓபி வரிசையில நான் நின்னா எனக்கு முன்னாடி நிக்கறவரு நேத்து என் டேபிள்ல வாரிசு சான்றுக்கு சண்ட போட்டுட்டு போனவரா இருப்பாரு. கௌரவம்னு சொல்லுங்க, கோழைத்தனம்னு சொல்லுங்க, நான் போகல.

கௌரவம்னதும்தான் பெரிய விஷயம் ஞாபகம் வருது. பணத்த விட மோசம், பில்லு போற பாதை. அட்மிட் ஆனவங்களும் கைக்காச கட்டிட்டு திரும்ப வாங்கணும்னா அப்ளிகேஷன் நம்ம செக்‌ஷன் கிளார்க் டேபிள்ல ஆரம்பிச்சு, சூப்பரின்டெண்ட், ஆபீசர், கவரிங் லெட்டர், மாவட்ட கமிட்டின்னு நடந்து போகும். டிஸ்சார்ஜ் சம்மரி மேலாக்க குத்தி இருக்கும், தபால் கொண்டு போறவரு வரைக்கும் படிக்கலாம். நான் முன்னாடி இருந்த ஒரு ஆபீஸ்ல ஒருத்தரோட பில்லு இப்படித்தான் வந்துச்சு, பாத்த கிளார்க் சத்தமா படிச்சுட்டு "அட நம்மாளு கீழ்ப்பாக்கம் கேஸாப்பா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன், அத மறைக்க விரும்பல. 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, 200 வருஷத்துக்கு மேல ஜனங்களுக்கு வைத்தியம் பாத்த இடம், நம்ம வாயில வசவா மட்டும்தான் புழங்குது. அந்த மனுஷன் அதுக்கப்புறம் எந்த பில்லும் போடல. அதே 2017 சட்டத்துல 23வது பிரிவுல நோயாளியோட விவரத்த ரகசியமா வச்சுக்க அவருக்கு உரிமை இருக்குன்னு போட்டிருக்கு, நம்ம தபால் ரிஜிஸ்டருக்கு அது தெரியாது.

அதனாலதான் மெடிக்கல் லீவு போடறவங்க எல்லாருக்கும் டைபாய்டு, மஞ்சக்காமாலை, இடுப்பு வலின்னு வருது. பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் நடத்துன தேசிய மனநல ஆய்வுல (2015-16) பெரியவங்கள்ல 10 சதவீதத்துக்கு மேல இப்போதைக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோட இருக்காங்கன்னும், அதுல பெரும்பாலானவங்க வைத்தியமே எடுக்கலன்னும் சொல்றாங்க. அப்ப 40 பேர் இருக்கற ஆபீஸ்ல நாலு பேராவது இருக்கணும். எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்ல, எல்லாருக்கும் டைபாய்டுதான்!

ஓபி குடுத்தா செலவு எகிறிடும், எல்லாரும் ஓடிவருவாங்கன்னு நிதித்துறை சொல்லும். அமெரிக்காவுல மத்திய அரசு ஊழியர் காப்பீட்டுக்கும் இதே பேச்சுதான் இருந்துச்சு. 1999ல கிளிண்டன் உத்தரவு போட்டு 2001 ஜனவரியில இருந்து மனநலத்துக்கும் போதை சிகிச்சைக்கும் சம காப்பீடு குடுத்தாங்க, ஊழியர் குடும்பம்னு 80 லட்சம் பேருக்கு மேல. கண்டபடி போகாம இருக்க நிர்வாகக் கட்டுப்பாடும் கூடவே வச்சாங்க. 2006ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல அதப்பத்தி ஆய்வு வந்துச்சு, மத்த பிளான்கள்ல ஏறுனதுக்கு மேல இங்க செலவு ஏறல, பெரும்பாலான பிளான்ல ஊழியர் கைக்காசு குறைஞ்சதுன்னு. அவ்வளவு தூரம் கூட போகவேண்டாம், எங்க தெருவுல இருக்கற மத்திய அரசு பென்ஷனருக்கு சிஜிஹெச்எஸ்ல, அதாவது அவங்களோட மருத்துவத் திட்டத்துல, ஓபியும் உண்டு, மாத்திரையும் உண்டு, ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கிறோம்.

எனக்கு இப்ப பரவால்ல. தூங்கறேன், சர்வே நம்பர் ஒரு தடவையிலயே மண்டையில ஏறுது. இத எழுதலாமா வேண்டாமான்னு மூணு வாரம் வச்சிருந்தேன், வீட்டுக்காரி "கல்லை மட்டும் ஊரெல்லாம் காட்டுனல்ல"ன்னு கேட்டா, அதான்.

ஊழியர் சங்கத்துல பொறுப்புல இருக்கற அண்ணன், தம்பி, அக்காங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. 2012, 2016, 2021னு ஒவ்வொரு தடவையும் திட்டத்த புதுப்பிக்கறப்ப நாம தொகைய ஏத்துங்கன்னு மட்டும்தான் கேட்டோம். அடுத்த தடவ மனநல ஓபிக்கு வருஷத்துக்கு ஒரு தொகை, 20,000 ஆனாலும் சரி, பில்லு ஆபீஸ் பக்கமே வராம நேரா ஆன்லைன்ல கம்பெனிக்கு போற மாதிரி, இந்த ரெண்டையும் கேளுங்க. டிஏ, லீவு சரண்டருக்கு (எடுக்காத லீவுக்கு காசு) கீழ அஞ்சாவது ஆறாவது கோரிக்கையா வச்சாலும் பரவால்ல. டைப் பண்ண ஆள் இல்லன்னா சொல்லுங்க, நானே அடிச்சுத் தரேன்.