மோட்டார் ரூமுக்கு வைஃபை வேண்டாம், லேன் கேபிள் இழுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளில் சம்ப் கீழே வாசலோரம், மேல்தொட்டி மூன்றாவது மாடிக்கும் மேலே. நடுவில் மூன்று கான்கிரீட் தளம். தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்த இங்கே வைஃபை போர்டை மாட்டினால், சிக்னல் போன சேதி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் தெரியும். இடம் மாறாத பொருளுக்கு வயர்தான் சரி. அந்த வயரிலேயே கரண்டும் போனால் இன்னும் நல்லது. அதுதான் பிஓஇ, அதாவது பவர் ஓவர் ஈதர்நெட்.

5 வோல்ட் அடாப்டரை கீழே வைத்து நீள வயரில் மேலே அனுப்பலாமே என்பார்கள். கணக்கு போடுங்கள். 50 மீட்டர் கேட்5இ (சாதாரண லேன் வகை) கேபிளில் இரண்டு ஜோடி வழியே போய் வர ஏறக்குறைய 4.7 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 2.35 வோல்ட் வழியிலேயே காலி. மிச்சத்தில் எந்த போர்டும் எழுந்திருக்காது. அதே இரண்டரை வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 50 மில்லிஆம்பியர் சொச்சம், இழப்பு கால் வோல்ட்.

போர்டில் என் தேர்வு பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் தயாரிக்கும் இஎஸ்பி32-பிஓஇ: இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் சிப்போடு பிஓஇ லேன் போர்ட்டும் சேர்ந்தது. சர்க்யூட், பிசிபி எல்லாம் கிகேட் என்ற சர்க்யூட் வரையும் மென்பொருளின் கோப்பாகவே திறந்து கிடக்கிறது. எது எரிந்தாலும் எந்தப் பாகம் என்று பார்த்து மாற்றலாம். ஆனால் வாங்கும்போது பெயரின் கடைசியில் ‘ஐஎஸ்ஓ’ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத போர்டில் லேன் பக்கத்துக்கும் யுஎஸ்பி பக்கத்துக்கும் மின்தடுப்பு கிடையாது. பிஓஇ ஓடும்போது லேப்டாப்பை செருகினால் போர்டோ லேப்டாப்போ போகலாம். முதல் புரோகிராமை மேஜையில் ஏற்றிவிட்டு, அப்புறம் எல்லாம் நெட்வொர்க் வழியாகவே ஏற்றுங்கள்.

இஎஸ்பிஹோமில் (இந்த மாதிரி போர்டுக்கு புரோகிராம் உருவாக்கும் மென்பொருள்) எழுதும்போது பலர் தடுக்கி விழும் இடம்: ஈதர்நெட் (லேன்) சிப் வகை லேன்8720, முகவரி 0, பவர் பின் 12, கிளாக் 17 அவுட். வ்ரோவர் மாட்யூல் (கூடுதல் நினைவகம் உள்ள வகை) வந்த போர்டென்றால் கிளாக் 0 அவுட். பின் 21, 22 ஈதர்நெட்டுக்கே போய்விடுவதால் வழக்கமான ஐ2சி (இரண்டு வயரில் சென்சார் இணைக்கும் முறை) உதாரணத்தை அப்படியே ஒட்டினால் ஓடாது; வ்ரோவர் அல்லாத போர்டில் அதன் இரண்டு வயரையும் எஸ்டிஏ 13, எஸ்சிஎல் 16 என்று மாற்றுங்கள். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், உள்ளே புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) இல்லை. தண்ணீர் மட்டத்தோடு மிதந்து மாறும் ஃப்ளோட் சுவிட்சை அங்கே கொடுத்தால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெளியே போட வேண்டும்.

போர்டைவிட கேபிள்தான் நம் ஊரில் காலை வாரும். மலிவு டப்பாவில் வருவது பெரும்பாலும் அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய சிசிஏ. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். திருவொற்றியூர், எண்ணூர் கடற்காற்றில் இன்னொரு தொல்லை: முலாம் விட்ட இடத்தில் இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். லைட் எரியும், டேட்டா விட்டு விட்டு வரும், போர்டு காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். எல்லோரும் போர்டைத் திட்டுவார்கள். முழுத் தாமிரம், மாடியில் வெயில் தாங்கும் கறுப்பு உறை, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டிக்கு அடியிலிருந்து கிளாண்டு (கேபிளை இறுக்கி மூடும் வளையம்) வழியாக நுழைவு, அதற்கு முன் கேபிளில் ஒரு தொங்கல் வளைவு. ஐப்பசி மழை அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆர்ஜே45 (லேன் பிளக்) முனையில் ஈரம் புகாமல் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

சிசிடிவிக்காரர்கள் விற்கும் பிஓஇ ஸ்விட்ச் எல்லாம் 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரநிலைப்படி இருக்காது. காலி போர்ட்டில் ஒரு துண்டு கேபிளை செருகி மறுமுனையில் 4க்கும் 7க்கும், 1க்கும் 3க்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 24 அல்லது 48 வோல்ட் நிலையாக நின்றால் அது பேசிவ். எது மாட்டியிருக்கிறது என்று கேட்காமலே கரண்டைத் தள்ளும். நியாயமான ஸ்விட்ச் முதலில் சில வோல்ட் துடிப்பு விட்டு, எதிரே 25 கிலோ ஓம் அடையாளம் இருந்தால்தான் 48ஐத் திறக்கும். ஏஎஃப் போர்ட் 15.4 வாட் தரும், கேபிள் முனையில் 12.95 உறுதி.

பேட்டரி போர்டு பழக்கத்தில் டீப் ஸ்லீப் (கரண்டை மிச்சப்படுத்த போர்டைத் தூங்க வைப்பது) போடாதீர்கள். இழுக்கும் கரண்டு 10 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால், ஆளில்லை என்று ஸ்விட்ச் போர்ட்டை அணைத்துவிடும். பிறகு கண்டுபிடித்துத் திரும்பக் கொடுக்கும், போர்டு எழும், தூங்கும், மறுபடி அணையும்.

ஸ்விட்சுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும், எல்லா போர்டும் உயிரோடிருக்கும். காசிமேட்டில் மீன் வைக்கும் குளிர் அறைக்கு இது முக்கியம்: கரண்ட் போன நேரத்து வெப்பநிலைதானே தெரிய வேண்டியது? டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாருக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப்பை மறக்காதீர்கள்.

போர்டு இயக்கும் 10 ஆம்பியர் ரிலே சுவிட்சில் மோட்டாரை நேரே மாட்டாதீர்கள். ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ரிலே ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை காண்டாக்டர் என்ற பெரிய மின்காந்த சுவிட்ச் ஓட்டட்டும்; ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (வீட்டு மின்சார லைனுக்கான வகை) கெபாசிட்டரும் தொடராக. இது இல்லையென்றால் காண்டாக்டர் விடும் ஒவ்வொரு தடவையும் போர்டு தொங்கும். லேன் கேபிளும் 230 வோல்ட் வயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. புரோகிராம் சிக்கிக்கொண்டாலும் மோட்டார் நிற்க, காயில் லைனில் தொடராக இன்னொரு ஃப்ளோட் சுவிட்ச், அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச்). பழைய கை சுவிட்சையும் கழற்றாதீர்கள். மெட்ரோ வாட்டர் வரும் விடியற்காலையில் வீட்டில் பெரியவர்கள் தேடுவது அதைத்தான்.