திருட்டு சிடி ஓடுகிறது, காசு கொடுத்து வாங்கியது ஓடவில்லை

முழுப் பரீட்சை லீவுக்கு அக்கா பையன் திருச்சிக்கு வந்திருந்தான். எட்டாவது முடித்திருக்கிறான், வாய் மட்டும் காலேஜ் முடித்த வாய். என் கம்ப்யூட்டரில் நான் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் கேம்களின் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே வந்தவன், ஒரு விண்வெளிச் சண்டை கேமில் நின்றான். "மாமா, இது செமயா இருக்கே. போட்டு விடுங்க."

சரி என்று டவுன்லோட் போட்டேன். 40 ஜிபி. மத்தியானம் ஆரம்பித்தது சாயங்காலம் வரை இறங்கியது. திறந்தால் நிறுவனத்தின் பெயர் வருகிறது, இசை வருகிறது, அப்புறம் ஒரு சின்னப் பெட்டி: சர்வருடன் இணைக்க முடியவில்லை. தேடிப் பார்த்தால் அந்த சர்வரை, அதாவது கேமுக்காக நிறுவனம் தன் பக்கம் ஓட்டும் கம்ப்யூட்டரை, மூடியே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதாம். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, இன்றைக்கு இது அங்கே, நாளைக்கு இன்னொரு இடத்தில். இத்தனைக்கும் நான் அதில் யாரோடும் சேர்ந்து ஆடியதே கிடையாது. தனியாளாக உட்கார்ந்து கதையை முடிக்கத்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் முழு விலை கொடுத்து வாங்கினேன். முடிக்காமல் வைத்திருந்தது என் தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், வாங்கிய புத்தகத்தைப் படிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் பதிப்பாளர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவாரா?

பையன் முகம் தொங்கிவிட்டது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பரணில் ஏறி, அப்பா பிஎஃப் லோன் போட்டு வாங்கித் தந்த பழைய டெஸ்க்டாப்பை இறக்கித் தூசு தட்டினேன். கூடவே சிடி பவுச். அதில் சிங்காரத்தோப்பில் 50 ரூபாய்க்கு வாங்கிய ஒரு சிடி, மேலே கறுப்பு மார்க்கரில் கோணலாக 'மோஸ்ட் வான்டட்' என்று எழுதியிருக்கும். 2005ல் வந்த கார் கேம். விண்டோஸ் எக்ஸ்பி கண்ணைத் திறக்க ஐந்து நிமிஷம் ஆனது, சிடி டிரைவ் கிரைண்டர் மாதிரி கத்தியது, ஆனால் ஓடியது. நெட் கேட்கவில்லை, பாஸ்வேர்ட் கேட்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பையன் ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை, அம்மா என்னைத் திட்டினாள்.

திருடியது ஓடுகிறது, காசு கொடுத்தது ஓடவில்லை. இந்த ஒரு விஷயம் மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் முடியும் வரை நான் ஒரு கேம்கூட காசு கொடுத்து வாங்கியதில்லை. என் செட்டில் யாருமே வாங்கியதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக், சென்னையில் இருந்த சித்தப்பா பையன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி அனுப்பிய சிடியில் வைஸ் சிட்டி, ஐஜிஐ. கேமின் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலைத் தூக்கிப் போட்டு, போலி சீரியல் நம்பர் தரும் கீஜென் என்று ஒன்றைத் திறந்தால் அது ஒரு இசை போடும் பாருங்கள், சில கேம்களின் இசையை விட அது நன்றாக இருக்கும். வைரஸ் வந்து அப்பாவின் ஆஃபீஸ் ஃபைல் போய் அடி வாங்கியதும் உண்டு. அசல் கேம் எங்கே விற்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த விலைக்கு வீட்டில் பாதி மாச மளிகை வந்துவிடும்.

நான் திருந்தியது மனசாட்சியால் என்று பொய் சொல்ல மாட்டேன். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2015 நவம்பரில் இந்தியாவுக்கு ரூபாயில் விலை போட்டது. அதற்கு முன்னால் எல்லாம் டாலர்தான். ரூபாயில் விலை, தள்ளுபடி, ஒரே க்ளிக்கில் இறங்குகிறது, வைரஸ் பயம் இல்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் திருட்டைப் பற்றி ஒரு கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: அது விலைப் பிரச்சினையை விட சேவைப் பிரச்சினை, திருடனை விட நீ நன்றாகக் கொடுத்தால் ஜனங்கள் உன்னிடம் வருவார்கள் என்று. என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அந்த டிசம்பர் சேலில் ஆரம்பித்தது, இன்றைக்கு முந்நூறுக்கு மேல் கேம் வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் தொட்டதில்லை. அது வேறு வியாதி.

ஆனால் 'வைத்திருக்கிறேன்' என்ற சொல்லே தப்பாம். நாம் வாங்குவது கேம் இல்லை, ஆடுவதற்கான உரிமம். அதை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது எப்போதுமே ஒப்பந்தத்தில் இருந்ததுதான், யாரும் படிக்காத அந்த நீள ஒப்பந்தத்தில். கலிஃபோர்னியாவில் 2024ல் சட்டமே போட்டார்கள், உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு 'வாங்கு' என்று பட்டன் வைக்கிறீர்கள் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று. அதற்கப்புறம் ஸ்டீமும் காசு கட்டும் இடத்தில் அதைச் சொல்லும் ஒரு வாக்கியம் போட ஆரம்பித்தது. நேர்மைதான். கசாப்புக் கடைக்காரர் ஆட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மாதிரியான நேர்மை. யுபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனத்தின் சந்தா பிரிவு அதிகாரி ஒருவர் அதே வருஷம் ஜனவரியில், கேம் தங்களுக்குச் சொந்தமாக இருக்காது என்பதற்கு ஆடுபவர்கள் பழகிக்கொண்டால்தான் சந்தா முறை பெரிதாக வளரும் என்கிற பொருளில் பேசினார். பழகிக்கொள்ள வேண்டுமாம்.

சந்தாவுக்குப் பழகியவர்கள் கதையையும் பார்த்தோமே. மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவான எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரில் இருந்து 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 29.99 ஆனது. வாடகைக்கு இருப்பவன் எதிர்த்துப் பேச முடியுமா?

அதே யுபிசாஃப்டின் 'தி க்ரூ'தான் இந்தச் சண்டையை ஊரறிய வைத்தது. 2014ல் வந்த கார் கேம், அமெரிக்கா முழுக்க ஓட்டலாம், தனியாகவும் ஆடலாம், ஆனால் எப்போதும் சர்வரோடு இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அதைப் பார்த்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று இயக்கம் ஆரம்பித்தார். ஐரோப்பிய யூனியனில் மக்கள் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து வேண்டும், 2025 ஜூலையில் அதைத் தாண்டிவிட்டார்கள். இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. 'ஒரு கம்பெனி காலாகாலத்துக்கும் சர்வர் ஓட்ட முடியுமா, கரண்ட் பில் நீ கட்டுவாயா' என்று கேட்கிறார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. கடையை மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, அதாவது சர்வர் இல்லாமலும் ஓடுகிற மாதிரி செய்துவிட்டுப் போ, இல்லையென்றால் ஜனங்கள் தாங்களே சர்வர் நடத்த வழி விடு. அவ்வளவுதான். முடியாத காரியம் என்றார்கள். 2025ல் ரசிகர்களே 'தி க்ரூ'வுக்கு சர்வர் எழுதி ஓட வைத்துவிட்டார்கள், சம்பளம் இல்லாமல். யுபிசாஃப்டும் எதிர்ப்புக்கு அப்புறம் 'தி க்ரூ 2'க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தது. ஆக, மனசு இருந்தால் முடிகிறது.

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் பாட்டுப் பாடப்போவதில்லை. டிவியில் சொருகி ஆடிய வீடியோ கேமுக்கு '9999 இன் 1' என்று கேசட் வரும், ஞாபகம் இருக்கா? உள்ளே பத்துப் பதினைந்து கேம்தான் இருக்கும், மீதி எல்லாம் அதே கான்ட்ராவும் மரியோவும் வேற வேற நம்பரில். 4,000வது நம்பர் வரை பொறுமையாகப் போய்ப் பார்த்த ஆள் நான். ஏமாற்று வேலை அப்போதும் உண்டு. ஆனால் அந்தக் கேசட்டை ஊதி ஊதிச் சொருகினால் இன்றைக்கும் ஏதோ ஒன்று ஓடும். ஏமாற்றியவன்கூட பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏமாற்றினான்.

பெரிய நிறுவனங்கள் ஏன் இப்படி ஆயின என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 68.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதை அமெரிக்க அரசு தடுக்கப் பார்த்த வழக்கில், 2023ல் பிளேஸ்டேஷன் விற்கும் போட்டியாளர் சோனி கொடுத்த ஆவணத்தில் ரகசியத் தொகைகளை மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது அடித்தது எல்லாம் தெரிந்துவிட்டது. (என் சிடியில் எழுதிய அதே ரக மார்க்கராக இருக்கும் போல.) 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' எடுக்க சுமார் 220 மில்லியன் டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' எடுக்க 212 மில்லியன். ஒரு கேமுக்கு இவ்வளவு கொட்டினால் கை நடுங்கத்தான் செய்யும். ஒருமுறை விற்றுவிட்டுப் போனால் போதாது, வாங்கியவன் தினமும் வரவேண்டும், வரும்போதெல்லாம் காசு வைக்கவேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். அதற்குப் பெயர் லைவ் சர்வீஸ். ஒரு 'ஃபோர்ட்நைட்' கோடி கோடியாகச் சம்பாதித்தது என்றவுடன் ஆளாளுக்கு அதே கடை போட்டார்கள். சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடினார்கள். இரண்டே வாரம். எங்கள் தெருவில் ஷவர்மா கடைகூட இரண்டு மாசம் தாங்கியது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது வரை நல்லது. ஆனால் அக்டோபரில் அதை உருவாக்கிய ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். கடையில் விற்ற டிஸ்க்கின் மேல் இனி டீ டம்ளர் வைக்கலாம்.

சரி, ஓடாத கேம் எடுத்தவர்கள் வேலை போயிற்று என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. 'ஹை-ஃபை ரஷ்' எடுத்த ஜப்பானியர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தாளத்துக்குத் தகுந்த மாதிரி அடிக்கிற கேம், 2023ல் விளம்பரமே இல்லாமல் வந்து எல்லோரையும் மயக்கியது, விருது வாங்கியது. அடுத்த வருஷம் மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த டாங்கோ ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. கடைசியில் பப்ஜியின் கிராஃப்டான் வந்து எடுத்துக்கொண்டது. நன்றாக எடுத்தாலும் வீட்டுக்கு, மோசமாக எடுத்தாலும் வீட்டுக்கு என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவன் எதற்கு மெனக்கெடுவான்?

காசு பறிக்கிற கலையைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும். 2006ல் 'ஒப்ளிவியன்' கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இப்போது சிரிப்பவர் யாருமில்லை, என் அக்கா பையன் போன் கேமில் வருகிற ஒரு துப்பாக்கி ஸ்கின்னுக்காக, அதாவது துப்பாக்கியின் மேல் பூச்சுக்காக, என்னிடம் வந்து "மாமா, ஒரே ஒரு டாப் அப், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்கிறான். எடுத்தவுடன் கிடைத்துவிட்டாலாவது பரவாயில்லை, பெட்டியைத் திறக்கவேண்டும், அதில் அது வரலாம் வராமலும் போகலாம். பெல்ஜியத்தில் 2018லேயே இந்த லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று சொல்லி நிறுத்தினார்கள். ஃபோர்ட்நைட் எடுத்த எபிக் நிறுவனம், குழப்பமான பட்டன்களை வைத்து வேண்டாத பொருளை வாங்க வைத்தது என்ற புகாரில் 245 மில்லியன் டாலரைத் திருப்பிக் கொடுக்க 2022ல் ஒப்புக்கொண்டது. நாம் ஆன்லைன் ரம்மிக்குச் சட்டம் போட்டோம், நல்லது, குடும்பங்கள் அழிந்ததைக் கண்ணால் பார்த்தோம். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பளபளவென்று ஆடுகிற அந்தப் பெட்டியும் ரம்மியும் என் கண்ணுக்கு ஒரே குடும்பம்தான். டாப் அப் போட்டுக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

இவ்வளவு புலம்பிவிட்டு ஏன் இன்னும் ஆடுகிறாய் என்று என் மனைவியே கேட்டாள். காரணம், நல்ல கேம்கள் இப்போதுதான் வருகின்றன, பெரிய இடத்தில் இருந்துதான் குறைவாக வருகின்றன. பிரான்சின் மோன்பெல்லியேவில் சுமார் முப்பது பேரை மையமாக வைத்து எடுத்த 'எக்ஸ்பெடிஷன் 33' 2025ன் சிறந்த கேம் விருதை வாங்கியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் கும்பல் எடுத்த 'சில்க்சாங்' 20 டாலருக்கு வெளிவந்த அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீமே படுத்துவிட்டது. 'ஸ்டார்ட்யூ வேலி' ஒரே ஒரு ஆள் நாலரை வருஷம் உட்கார்ந்து எடுத்தது.

'வெண்பா'வைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. டொரோன்டோவில் விசை கேம்ஸ் எடுத்தது, 2023ல் வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, அழிந்த வரிகளை யூகித்துச் சமைக்கவேண்டும். முதலில் இட்லி. தட்டை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி மேலே வரும் என்பதுதான் புதிர். இத்தனை வருஷமாக கேம்களில் அமெரிக்க நகரங்களில் கார் ஓட்டிய எனக்கு, ஒரு கேமுக்குள் இட்லிப் பானையைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "துணி போட்டு ஊத்தலையா?" என்று மட்டும் கேட்டாள். ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. தினமும் வா என்று அது என்னைக் கூப்பிடவே இல்லை, நானாகத்தான் இரண்டாவது தடவை போனேன்.

இப்போது நான் வாங்குகிற முறையை மாற்றிவிட்டேன். தனியாக ஆடுவதற்கும் நெட் கேட்கிற கேம் என்றால் எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் தொடுவதில்லை. ஜிஓஜி என்ற இணையக் கடையில் கிடைத்தால் அங்கேதான், இன்ஸ்டாலரை அப்படியே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், கடை இருந்தாலும் போனாலும் அது என்னிடம் இருக்கும். 5,000 ரூபாய் கொடுத்து முதல் நாளே வாங்குவதை 'சைபர்பங்க்' கேம் பிழைகளோடு வந்த 2020 டிசம்பரிலேயே விட்டுவிட்டேன். அதை அப்புறம் நன்றாகவே சரிசெய்தார்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சாம்பாரில் உப்பு சரிபார்க்கிற வேலைக்கு நான் ஏன் முழுக் காசு கொடுக்கவேண்டும்?

பையன் நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது அந்த மார்க்கர் எழுதிய சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ராத்திரி போன் வந்தது. "மாமா, லேப்டாப்புல இத எங்க சொருகுறது?"

இருபது வருஷம் தாங்கிய சிடிக்கு வீட்டில் ஓட்டை இல்லை. யாரிடமாவது யூஎஸ்பியில் சொருகுகிற சிடி டிரைவ் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கொரியர் செலவு என்னுடையது.