ஸ்டாண்டப்ல மேனேஜருக்கு என்ன வேலை?

ஒரு டீம அஜைலுக்கு, அதாவது சாஃப்ட்வேர சின்னச் சின்னத் துண்டா செஞ்சு அப்பப்ப காட்டித் திருத்திக்கிட்டே போற முறைக்கு, மாத்தணும்னா நம்மூர் ஐடி கம்பெனிங்கள்ல என்ன பண்றாங்க? வேலைகளப் பட்டியல் போட்டு கவனிக்கற ஜிரா சாஃப்ட்வேர வாங்குவாங்க, ஸ்க்ரம்ங்கற அஜைல் முறைல டீமுக்கு வழிகாட்டற ஸ்க்ரம் மாஸ்டர் சர்டிபிகேட்ட ரெண்டு பேர எடுக்க வைப்பாங்க, திங்கக்கிழமைல இருந்து தினமும் காலைல நின்னுக்கிட்டே பேசற ஸ்டாண்டப் மீட்டிங். அவ்ளோதான், நாங்களும் அஜைல்.

அந்த ஸ்டாண்டப்ப போய்ப் பாருங்க. ஒவ்வொருத்தரா மேனேஜர் மூஞ்சியப் பாத்து நேத்து என்ன பண்ணேன் இன்னிக்கு என்ன பண்ணப்போறேன்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாங்க, பக்கத்துல நிக்கிறவன் சொல்றத யாரும் காதுல வாங்குறதில்ல, முக்கால் மணி நேரம் காலி. ஸ்க்ரமுக்கு விதிப்புத்தகமான ஸ்க்ரம் கைடுல இது 15 நிமிஷ மீட்டிங், அதுவும் டெவலப்பருங்க தங்களுக்குள்ள பேசிக்கறதுக்கு. நேத்து என்ன, இன்னிக்கு என்ன, தடை என்னங்கற அந்த மூணு கேள்வியகூட 2020 பதிப்புல தூக்கிட்டாங்க, நம்மாளுங்க விட்டாத்தானே.

என்னக் கேட்டா முதல்ல மாறவேண்டியது மேனேஜர்தான். ஸ்பிரிண்ட்ல, அதாவது ரெண்டு வாரம் மாதிரியான ஒரு சுற்றுல, எவ்ளோ வேலை எடுக்கறதுன்னு செய்யறவங்க சொல்லணும். க்ளையன்ட்கிட்ட தேதிய ஒத்துக்கிட்டு வந்துட்டு அப்புறம் டீம்கிட்ட எஸ்டிமேட் கேட்டா என்னத்த சொல்லுவாங்க? ஒவ்வொரு சின்ன வேலையும் ஒரு ஸ்டோரி, அது எவ்ளோ பெருசுன்னு டீம் போடற மதிப்பு பாயின்ட், ஒரு ஸ்பிரிண்ட்ல முடிக்கற மொத்த பாயின்ட்தான் வெலாசிட்டி. அந்த வெலாசிட்டிய வச்சு அந்த டீம் 40 பாயின்ட் நீங்க ஏன் 25னு கேட்டீங்கன்னா, அடுத்த ஸ்பிரிண்ட்லயே 3 பாயின்ட் ஸ்டோரியெல்லாம் 8 ஆயிடும். 2001ல யூட்டால அஜைல் மேனிஃபெஸ்டோ எழுதின 17 பேர்ல ஒருத்தர் ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயின்ட்ட ஒருவேளை நான்தான் கண்டுபிடிச்சிருப்பேன், அப்படின்னா ஸாரின்னு அவரே எழுதிட்டார். இங்க அத அப்ரைசல் வரைக்கும் இழுத்துட்டுப் போறாங்க.

ஆரம்பிக்கணும்னா ஸ்பிரிண்ட் முடிஞ்சதும் எது சரியில்லன்னு டீம் உக்காந்து பேசற ரெட்ரோல ஆரம்பிங்க, சம்பள உயர்வு போடறவர் அந்த ரூம்ல இல்லாம. அப்பதான் உண்மை வெளில வரும். பெரும்பாலும் வர்ற புகார் ஒண்ணுதான், ஸ்பிரிண்ட் முடியற கடைசி ரெண்டு நாள்ல மொத்த பில்டும் டெஸ்டர் தலைல வந்து விழுது, பக் வந்தா அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு தள்ளு, கேட்டா டெவலப்மென்ட் முடிஞ்சிருச்சுன்னு பதில். டெஸ்ட் ஆகாத ஸ்டோரி முடிஞ்ச கணக்குல வராதுன்னு டீமே ஒரு முடிவுக்கு வரட்டும், ஒரே நேரத்துல மூணு நாலு ஸ்டோரிக்கு மேல திறக்காதீங்க, டெஸ்டிங் தேங்கிச்சுன்னா டெவலப்பர் புது வேலை எடுக்காம அங்க போய் உக்காரட்டும். முதல் ரெண்டு ஸ்பிரிண்ட் நம்பர் அடிவாங்கும், மேல இருக்கறவங்க கத்துவாங்க, அத வாங்கிக்கறதுக்குத்தான் ஸ்க்ரம் மாஸ்டர். மீட்டிங் இன்வைட் அனுப்ப அவுட்லுக்கே போதும்.

மொத்த விலைய முன்னாடியே பேசி முடிச்ச ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்ட்ல இதெல்லாம் நடக்குமான்னு கேப்பீங்க. ஸ்கோப், தேதி, காசு மூணையும் கான்ட்ராக்ட்ல பூட்டிட்டா முழுசா நடக்காதுதான். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ ஓடற சாஃப்ட்வேர க்ளையன்ட் கண்ணுல காட்டறத எந்த கான்ட்ராக்ட்டும் தடுக்கல, குறைஞ்சது அதையாவது பண்ணலாம்ல.