சிறுநீரகத்தை அகற்றினால் பிள்ளையின் நோய் தீருமா? – உண்மை விளக்கம்

"நீர்க்கட்டி உள்ள சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றதுக்குப் பரவாது, வலியும் அன்றோடு நின்றுவிடும்" என்று சொல்லும் குரல்பதிவொன்று ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

சிறுநீரகங்களில் நீர் நிறைந்த பல கட்டிகள் உருவாகும் இந்தப் பல்கட்டிச் சிறுநீரக நோய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவுவதில்லை; மரபணுவிலேயே இருப்பதால், ஸ்கேன் படத்தில் வட்டவட்டமான கரும்புள்ளிகள் பெரும்பாலும் இரு சிறுநீரகங்களிலும் தெரியும். ஒன்றை அகற்றுவது, வேலை செய்யும் உறுப்பொன்றை இழப்பதாகவே முடியலாம். மூச்சுக்கும் உணவுக்கும் இடமில்லாத அளவுக்குச் சிறுநீரகம் வீங்கிவிட்ட சில குழந்தைகளுக்கே அப்படியான முடிவு எடுக்கப்படுகிறது.

வலி என்றதும் முதலில் தேட வேண்டியது காரணத்தையே: கிருமித்தொற்றா, கட்டிக்குள் இரத்தக்கசிவா, கல்லா என்று பார்க்க வேண்டும். பிள்ளை துடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் கடையில் ஐபுபுரோஃபென், டைக்குளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளை வாங்கிக் கொடுக்கும் தாய்மாரின் தவிப்பு புரிகிறது; ஆனால் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோலே முதல் தெரிவு.

அதற்கும் அடங்காமல் மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கே சத்திரசிகிச்சை பேசப்படும். பெரிய கட்டியொன்று காரணமென்றால் ஊசியால் நீரை எடுத்து, மீண்டும் நிரம்பாதிருக்க மருந்து செலுத்தலாம். பல கட்டிகளென்றால் வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமராவின் உதவியுடன் அவற்றின் மேற்சுவர்களை வெட்டிவிடுவார்கள். பலருக்கு வலி குறையும், சிலருக்குத் திரும்பவும் வரும், நோயின் போக்கோ மாறாது. இந்த அனுபவத்தில் பெரும்பகுதி வளர்ந்தவர்களிடமிருந்தே கிடைத்தது என்பதால், பிள்ளைகளின் விடயத்தில் சிறுவர் சிறுநீரக நிபுணரின் தீர்மானம் அவசியம். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி உங்கள் பிரதேச வைத்தியரிடம் கேளுங்கள்.