1912-இல் ஃபேனி டூராக் நீந்திய 100 மீட்டர்

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் போட்டி வைத்ததே 1912 ஸ்டாக்ஹோமில்தான். அதில் 100 மீட்டர் தங்கம் சிட்னிக்காரி ஃபேனி டூராக்குக்கு. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, அவர் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்த கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

போகக் கூடாது என்று தடுத்தது யார் தெரியுமா? பெண்களின் நீச்சல் சங்கமே. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியில் இறங்கக் கூடாது என்பது நியூ சவுத் வேல்ஸில் அவர்கள் வைத்திருந்த விதி. தலைவி ரோஸ் ஸ்காட். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடியவர். 1902-இல் அந்த மாநிலத்தில் அது கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவருக்கே, நீச்சலுடையில் நிற்கும் பெண்ணை ஆண்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பார்வை கெட்டவன் வீட்டில் கிடக்கட்டும், நீந்தத் தெரிந்தவள் ஏன் கரையில் நிற்க வேண்டும்?

மக்கள் கொதித்தார்கள். சங்கம் இறங்கிவந்தது, ஸ்காட் பதவி விலகினார். அப்புறமும், செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்கொடை திரட்டித்தான் ஃபேனி கப்பல் ஏறினார், துணைக்குச் சகோதரியோடு. தோழி மினா வைலியும் போனார்.

தகுதிச் சுற்றிலேயே 1 நிமிடம் 19.8 விநாடி, உலக சாதனை. இறுதியில் 1 நிமிடம் 22.2 விநாடி. வெள்ளி மினாவுக்கு. 1896 ஏதென்ஸில் ஆண்கள் 100 மீட்டரை வென்ற ஹங்கேரிக்காரர் ஆல்ஃபிரெட் ஹாயோஷின் நேரமும் இதே 1 நிமிடம் 22.2 விநாடிதான்! அவர் நீந்தியது நடுங்கவைக்கும் குளிர்க்கடலில், அதனால் ஒன்றோடொன்று வைத்து எடைபோட முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

தொடர் நீச்சலுக்கு நான்கு பேர் வேண்டும், இவர்கள் இருவர்தான். ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. கூடுதலாக இரண்டு பெண்களை அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1916 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கியது. 1920-இல் அணி புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு குடல்வால் அறுவை சிகிச்சை, அதோடு டைபாய்டு, நிமோனியா. ஆக, இத்தனை பெரிய நீச்சல்காரிக்கு வாய்த்தது ஒரே ஒலிம்பிக், அதிலும் ஒரே ஒரு போட்டி. திருமணத்துக்குப் பிறகு அவர் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.