காற்றாலைக்கு அடியில் வளரும் மீன் யாருக்கு?

சீனாவின் பூஜியான் மாகாணத்தில், நன்ரி தீவை ஒட்டிய கடலில் 2023-இல் ஒரு மிதக்கும் காற்றாலையை நிறுத்தினார்கள். 4 மெகாவாட் திறன். மூன்று தூண்கள் தாங்கும் முக்கோண மேடை. அந்த மேடைக்கு நடுவே உள்ள தண்ணீரை வலையால் அடைத்து, சுமார் 10,000 கன மீட்டருக்கு மீன் கூண்டாக்கிவிட்டார்கள். மேலே மின்சாரம், கீழே மீன்.

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கரையோரத்தில் கூண்டு போட்டால் தீனி மிச்சமும் மீன் கழிவும் அடியிலேயே தங்கிவிடும். நீரோட்டம் உள்ள ஆழத்துக்குப் போனால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் அங்கே நங்கூரம், தீனி போடும் இயந்திரம், கேமரா, விளக்கு, போய்வரப் படகு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். காற்றாலை நிற்கும் இடத்தில் இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

சரி, நம் கடலுக்கு வருவோம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். கன்னியாகுமரி, மன்னார் வளைகுடாப் பக்கம்தான் இங்கே இடம் பார்த்திருக்கிறார்கள். அதே வளைகுடாவின் கரையில், மண்டபம் என்ற ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-லேயே கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. ஒரே வருடத்தில் மூன்று, நான்கு கிலோ வரும் மீன் அது. இரண்டு வேலையும் ஒரே கடலில், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் அதிகம் இல்லை.

என் கவலை வேறு. பெல்ஜியத்தில் காற்றாலைப் பண்ணைக்குள் மீன்பிடிப் படகு நுழையக் கூடாது. இங்கும் அப்படி ஒரு விதி வந்தால், நாட்டுப்படகுக்காரர் தலைமுறையாக வலை விட்ட இடத்தை இழப்பார். அந்த இடத்திலேயே ஒரு கம்பெனி கூண்டு போட்டு மீன் விற்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கூண்டு உரிமை அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் போக வேண்டும். கூலி வேலையாக இல்லை, உரிமையாக.

தீனி விஷயமும் இருக்கிறது. கூண்டு மீனுக்குப் பெரும்பாலும் சங்காயத்தைத்தான், அதாவது விலை போகாத சிறு மீன்களைத்தான், வெட்டிப் போடுகிறார்கள். அதற்காகக் குஞ்சு மீனையும் சேர்த்து அரித்தெடுத்தால் கடலுக்கு என்ன லாபம்? பெல்ஜியத்திலேயே காற்றாலைகளுக்கு இடையில் கயிறு கட்டி மட்டி வளர்த்துப் பார்த்தார்கள், நன்றாகவே வளர்ந்தது. அதற்குத் தீனியே வேண்டாம். கடற்பாசிக்கும் வேண்டாம். ராமேஸ்வரம் தீவைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். கூண்டோடு பாசிக் கயிறுக்கும் இடம் ஒதுக்கினால் முதல் பங்கு அவர்களுக்கு வர வேண்டும். ஆனால் பவளப்பாறையில் ஏறிப் படரும் வெளிநாட்டுப் பாசி வேண்டவே வேண்டாம். குருசடைத் தீவுப் பக்கம் அது செய்த சேதம் போதும்.

"முதலில் காற்றாலை வரட்டும், மீனை அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீரோட்டம் வலையை இழுக்கும் இழுப்பு முழுவதும் தூணுக்கும் நங்கூரத்துக்கும்தான் போகும். கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த விசை சாதாரணமானதில்லை. வலையில் சிப்பியும் பாசியும் ஒட்ட ஒட்ட அது இன்னும் கூடும். வரைபடத்திலேயே அந்தக் கணக்கு இல்லாத தூணில் பிறகு கூண்டைத் தொங்கவிட முடியாது. ஆகவே டெண்டர் விதிகளை எழுதும் அறையிலேயே மீனவர் சங்கங்களுக்கு நாற்காலி போட வேண்டும், குத்தகைப் பத்திரத்திலேயே கூண்டு யாருக்கு என்று எழுத வேண்டும்.